ரொக்கமும் பொன்னும்

பெண்ணின் விவாகம் நிச்சயமானவுடன், வருஷக்கணக்காகச் சேர்த்த பணத்தை ரொக்கமாகவே எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் புறப்படும் குடும்பத்தார், 2017 ஏப்ரல் 1 முதல் நம் தேசத்தில் அமலிலிருக்கும் வருமான வரி விதியொன்றை அவசியம் அறிந்திருத்தல் வேண்டும். ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே வியாபாரத்துக்காகவோ, ஒரே விசேஷத்தை முன்னிட்டோ, 2 லட்சம் ரூபாயையோ அதற்கு மேற்பட்ட தொகையையோ எவரும் ரொக்கமாகப் பெறலாகாது என்பதே அவ்விதி. ஆதலால் ஒரு நாளைய பில்லைப் பலவாக உடைத்தாலும், ஒரே பில்லுக்குரிய பணத்தைப் பல தினங்களில் பிரித்துச் செலுத்தினாலும், சட்டத்தினின்று விலக முடியாது.

பெற்ற தொகைக்குச் சமமான அபராதமோ, கொடுத்தவர்மீதன்றி வாங்கிய வியாபாரியின்மீதே விதிக்கப்படுகிறது.

கணக்கில் வராத திரவியம் பொன்னாக உருமாறி மறைவதைத் தடுக்கும் இந்நோக்கம் நியாயமானதே. எனினும், காசோலைக்குப் பழகாத கிராமத்து முதியோருக்கு இதைப் பொறுமையுடன் விளக்கிச் சொல்லுவது கடைக்காரர்களின் கடமையென்றே கருதுகிறேன்.