வெற்றுக் கட்டம் கூறும் செய்தி

கணிப்பொறித் திரையில் தமிழ்ச் சொற்களுக்கு நடுவே வெற்றுக் கட்டங்களை நம்மில் பலர் கண்டிருப்போம். அவை எவ்வாறு தோன்றுகின்றன?

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். உலகப் பொதுக் குறியீடான யூனிக்கோடில் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் உண்டு. ‘அ’வுக்கு 2949. சதுரம், முக்கோணம், வட்டம் முதலிய வடிவக் குறிகளுக்கு 9632 முதல் 9727 வரை 96 இடங்கள். ■ என்பது 9632; □ என்பது 9633. கோப்பில் இருப்பது எண் மட்டுமே. அதற்குரிய வரிவடிவம் எழுத்துருவில் கோடுகளாகவும் வளைவுகளாகவும் இருக்கிறது. அதனைத் திரையின் புள்ளிகளில் நிரப்பிக் கணிப்பொறி காட்டுகிறது.

குரும்பகரத்துப் பழைய நெற்கணக்கு ஒன்றைக் கணிப்பொறியில் ஏற்றுவதாகக் கொள்வோம். நெல், குறுணி, பதக்கு, குழி, வேலி ஆகியவற்றுக்கு நம் முன்னோர் தனிக்குறிகள் வைத்திருந்தனர். பின்னக் குறிகள் முதலியவற்றையும் சேர்த்து இத்தகைய 51 குறிகள் 2019-இல் யூனிக்கோடில் இடம்பெற்றன. நெற்குறியின் எண் 73685. ஆனால் எழுத்துருவில் அதன் வடிவம் இல்லையெனில் பெரும்பாலும் வெற்றுக் கட்டமே தோன்றும். இக்கட்டம் 9633 அன்று. ‘வடிவம் என்னிடம் இல்லை’ என்னும் அறிவிப்பே. கோப்பினுள் 73685 பழுதின்றி இருக்கும். உரிய எழுத்துருவைச் சேர்த்தால் நெற்குறி தோன்றிவிடும்.

எனவே, கட்டத்தைக் கண்டு கோப்பு கெட்டதென்று அழிப்பதும், அச்சிட்ட தாளை மட்டும் வைத்துக்கொள்வதும் தவறு. தாளில் எண் இல்லை. எல்லாக் குறிகளும் ஒரே கட்டமாகிவிடும். பாட்டனார் எழுதியது குறுணியா, பதக்கா என்பதைப் பின்னர் யாரால் கூற இயலும்? நண்பர்களே, கோப்பைக் காப்போம், கணக்கும் பிழைக்கும்.