வெயிலுக்கும் ஒரு கணக்கேடு

கோலார் தங்கவயலுக்கு நெடுங்காலம் குடிநீர் வழங்கிய பேத்தமங்களா ஏரியை அடுத்து, கடன் பெற்ற விவசாயி ஒருவரின் தக்காளித் தோட்டத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். ஆகஸ்ட் மாத நண்பகல், மெல்லிய மேகம், இதமான காற்று. குடையை வண்டியிலேயே விட்டுவிட்டேன். மாலையில் பிடரியும் முன்கைகளும் எரிந்தன. மறுமுறை சென்றபோது இதைச் சொன்னேன். "எங்களுக்குப் பழகிப்போச்சு சார்" என்றார் அவர். ஆனால் அவருடைய வலது கண்ணில் வெண்விழியிலிருந்து சதை வளர்ந்திருந்தது.

மாநிறத் தோல் புறஊதாக் கதிர்களை ஓரளவு தடுக்கும். கண்ணுக்கு அத்தகைய காப்பு இல்லை. கண்புரைக்கும் கண்சதை வளர்ச்சிக்கும் இக்கதிர்கள் ஒரு காரணம். இவற்றை நம் உடல் உணராது என்பதே சிக்கல். நாம் உணர்வது வெப்பத்தை மட்டுமே. மெல்லிய மேகம் வெப்பத்தைக் குறைத்தாலும் புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை விட்டுவிடும். ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலுள்ள நம் பகுதியில் காற்றும் குளிர்ச்சியாக இருப்பதால் ஏமாறுவது எளிது. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய தேதிகளை ஒட்டிக் கதிரவன் இங்கு நேர் உச்சிக்கு வருகிறது என்பதையும் மறக்கலாகாது.

புலன் அறியாததைக் கருவி அறியலாம். 1992-இல் கனடா உருவாக்கிய புறஊதாக் குறியீட்டெண் இன்று உலகப் பொது அளவாகியுள்ளது. எண் 3 முதல் பாதுகாப்புத் தேவை. 8 முதல் மிகக் கடுமை. 11 முதல் உச்சநிலை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என நிறங்களும் உண்டு.

கையடக்கக் கருவியை வடிவமைப்போர் மூன்று செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, அதன் சென்சார் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விலக்கி, தோலைச் சிவக்கச் செய்யும் கதிர்களை மட்டும் அளக்க வேண்டும். இரண்டாவது, சட்டைப்பையில் கிடந்தால் அளவு பொய்யாகும். தொப்பியிலோ தோளிலோ வானத்தை நோக்கி இருத்தல் வேண்டும். மூன்றாவது, அந்த நேரத்து எண் மட்டும் போதாது. நாள் முழுவதும் சேர்ந்த அளவையும் காட்ட வேண்டும். எண் 5 உள்ள இடத்தில் இரண்டு மணி நேரம் நிற்பதும், 10 உள்ள இடத்தில் ஒரு மணி நேரம் நிற்பதும் ஒரே அளவுதான். பற்றுகளைக் கூட்டிவரும் பாஸ்புக்கைப் போன்றது இது.

2018-இல் லோரியால் நிறுவனம், மின்கலமின்றி இயங்கும், நகத்தில் ஒட்டும் சென்சாரை அறிமுகம் செய்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் இணைந்து, குறியீட்டெண்ணைக் கூறும் கைபேசிச் செயலியை வெளியிட்டன. செயலி ஊருக்கான முன்னறிவிப்பைத் தரும்; மரநிழலில் இருப்பவரையும் வெட்டவெளியில் இருப்பவரையும் அது பிரித்தறியாது. அதற்குத்தான் உடலில் அணியும் கருவி தேவை. எழுத்தறியாதவருக்கும் பயன்பட, நிறமும் அதிர்வும் போதும்.

அத்தகைய கருவி மலிவாகக் கிடைக்கும்வரை செலவில்லாத அளவுகோல் ஒன்று உண்டு: நம் நிழல். அது நம் உயரத்தைவிடக் குறுகியிருந்தால் நிழல் தேட வேண்டும். இயலாதெனில் குடை, அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, புறஊதாத் தடுப்புக் கண்ணாடி ஆகியவை துணை.

இப்போது நான் தோட்டங்களைக் காலை ஒன்பது மணிக்குள் பார்வையிடுகிறேன். அந்த விவசாயியும் கண் மருத்துவரைக் கண்டு வந்தார். அண்மையில் சென்றபோது, தம் நிழலைக் காட்டி, "நேரமாச்சு சார், கொட்டகைக்குப் போகலாம்" என்று அவரே அழைத்தார்.