கருமணலில் ஒளிந்த இரட்டையர்

திருகோணமலைத் துறைமுகத்தினின்று கடலோரமாக வடக்கே சென்றால் புல்மோட்டை வரும். அங்கே கரை கருமை படர்ந்து கிடக்கிறது. அம்மணலை அள்ளிப் பார்த்தேன்; மணலின் கனமன்று, இரும்புத் தூளின் கனம். இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கோன் என்னும் கனிமங்கள் அதில் கலந்துள்ளன. 1957இல் இதற்கெனக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பெற்றது. காந்தமும் மின்னேற்றமும் கொண்டு கனிமங்களைத் தனித்தனியே பிரிக்கிறார்கள். இல்மனைற்று பெரும்பாலும் மணலாகவே கப்பலேறி வந்திருக்கிறது. அக்குறையை இன்னொரு நாள் எழுதலாம்.

சிர்க்கோனைப் பற்றியே இன்று சொல்ல வந்தேன். அதனுள் உறைவது சிர்க்கோனியம். அதனோடு ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் ஆபினியமும் இருக்கிறது. இரசாயனக் குணத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் அணு உலைக்குள் சென்றால் சிர்க்கோனியம் நியூத்திரன்களுக்கு வழிவிடும். ஆபினியமோ அவற்றை விழுங்கிவிடும். ஆதலின் உலைக்குரிய சிர்க்கோனியத்தில் ஆபினியம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது.

இத்துணை நுண்ணிய கலப்பு எந்தப் பாத்திரத்தில் தங்கியது, எதில் நழுவியது என்று அறிவதெங்ஙனம்? ஆராய்ச்சியாளர் கரைசலில் கதிரியக்கச் சிர்க்கோனியம்-95, ஆபினியம்-181 ஆகியவற்றைச் சிறிதளவு சேர்க்கின்றனர். முன்னது 64 நாளிலும் பின்னது 42 நாளிலும் பாதியாகத் தேயும். அவையும் தத்தம் இனத்தோடேயே செல்லும். அமிலத்திலிருந்து கரிம நீர்மத்துக்கு எவ்வளவு சென்றது என்பதைக் கதிர்மானி சொல்லிவிடும். நிறுக்கும் தராசு சொல்லாது.

இம்முறையின் பிறப்பு ஒரு தோல்வியில்தான். மான்செஸ்டரில் ஹெவசியிடம் ஈயத்திலிருந்து இரேடியம்-டி என்பதைப் பிரிக்குமாறு ரதர்போர்டு கூறினார். எவ்வளவு முயன்றும் பிரியவில்லை. பிரியாததெனில் ஈயம் செல்லும் வழியை அதுவே காட்டுமன்றோ என்று எண்ணினார் ஹெவசி. 1913இல் பானெத்துடன் சேர்ந்து ஈயச் சேர்மங்களின் கரைதிறனை அளந்தார். நோபல் பரிசு 1943ஆம் ஆண்டுக்குரியதாகக் கிடைத்தது. அதே ஹெவசிதான் 1923இல் கோஸ்டருடன் சிர்க்கோனுக்குள் ஆபினியத்தைக் கண்டுபிடித்தவர்! பிரிக்கவொண்ணாத இரட்டையர் அவரை விடவேயில்லை.

நம் நாட்டின் பங்கும் உண்டு. 1904இல் ஆனந்த குமாரசுவாமி வெளிக்கொணர்ந்த தோரியனைற்று இலண்டன் சென்றது. அதிலிருந்து 1905இல் ஒட்டோ ஹான் கதிரியக்கத் தோரியத்தைக் கண்டார்.

இன்று கடலுக்கு அப்பால், தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில், 2009இல் எழுந்த சிர்க்கோனியம் ஆலை இருக்கிறது. புல்மோட்டையிலோ சிர்க்கோன் இன்னும் மணலாகவே மூட்டையில் ஏறுகிறது.