பட்டுப்புழுவும் பள்ளிப் பதிவேடும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சந்தாபுரா, இன்று பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் அண்டையூராக விளங்குகிறது. ஆயினும் அவ்வூர் அடங்கிய ஆனேக்கல் தாலுகாவில் கேழ்வரகு வயல்களும் முசுக்கொட்டைத் தோட்டங்களும் நெடுங்காலம் மக்களின் பிழைப்பை நிர்ணயித்து வந்தன. குடும்பத்தின் அளவையும் ஓரளவு அவையே நிர்ணயித்தன எனலாம்.

பட்டுப்புழு வளர்ப்பு இதற்குத் தக்க சான்று. முட்டையினின்று வெளிவந்த புழு கூடு கட்டுவதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்களாகும். நான்காம் முறை தோலுரித்த பின் வரும் இறுதி வாரத்தில்தான், அது உண்ணும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் செலவாகிறது. இலை பறித்தல், பரப்புதல், எச்சம் அகற்றுதல் என்று இரவும் பகலும் வேலை குவியும். ஒரு வாரத்திற்கென்று ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி கட்டாது. வீட்டிலுள்ள பத்து வயதுச் சிறுவனே அக்குறையை நிரப்புகிறான். ஆண்டுக்கு ஐந்தாறு அறுவடை எடுக்கும் வீட்டில் அவ்வாரம் ஐந்தாறு முறை வரும். பதிவேட்டிலும் அத்தனை இடைவெளிகள் விழும்.

நூல் எடுக்கும் கூடங்களில் நிலைமை இன்னும் கொடிது. ராமநகரம், மாகடிப் பகுதிகளில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகச் சிறுவர் உழைத்து வந்ததை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-ஆம் ஆண்டு அறிக்கையில் விவரித்தது.

சிறுவர் உழைப்புக்கு விலையுள்ள இடத்தில் பெற்றோர் மக்கள் பலரை விரும்புவது அறியாமையன்று, கணக்கேயாம். ரோசன்ஸ்வைக், எவன்சன் என்னும் பொருளியலறிஞர்கள் இந்திய மாவட்டங்களின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 1977-இல் வெளியிட்ட முடிவும் இதனை ஒட்டியதே. சிறுவர் கூலி உயர்ந்த இடங்களில் பிறப்பு மிகுந்தது, பள்ளிக் கல்வி குறைந்தது. பெண்களின் கூலி உயர்வோ பிறப்பைக் குறைத்தது.

ஆலை வேலைக்குப் படிப்பு வேண்டும் என்றானபோது கணக்கு மாறிற்று. பிள்ளை சம்பாதித்துத் தருபவன் என்பது போய், செலவு வைப்பவன் என்றாயிற்று. கர்நாடகக் கிராமங்களை ஆராய்ந்த கால்டுவெல், ரெட்டி ஆகியோரின் 1988-ஆம் ஆண்டு நூல் இம்மாற்றத்தை விரிவாகக் கூறுகிறது. மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.9 ஆக இருந்த பிறப்பு (1992-93), 2019-21-இல் 1.7 ஆகத் தாழ்ந்தது.

பிறப்புக் குறைந்ததால் சிறுவர் வேலை முற்றும் நீங்கிவிடவில்லை. பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அனுமதிக்கிறது. ஆனால் இறுதி வாரத்துப் புழு பள்ளி மணியை அறியாது. "பிள்ளை பள்ளிக்குப் போகிறானா?" என்று வினவும் கள ஊழியருக்கு, "போகிறான்" என்ற விடையே எங்கும் கிடைக்கும். புழு எத்தனையாவது தோலுரிப்பில் இருக்கிறது என்று கேட்டறிந்து, அந்நாட்களின் பதிவேட்டைப் புரட்டுவாராயின், வேறு விடை கிடைக்கக்கூடும்.