தவணை நாளும் மன அமைதியும்

கடன் என்றதும் தொகையையே நாம் கணக்கிடுகிறோம். ஏழையின் நெஞ்சை அழுத்துவதோ பெரும்பாலும் தவணை நாள்.

1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா சிற்றூரில், பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்குத் தம் பணத்தைக் கடனாக அளித்தார். மொத்தமே ஏறத்தாழ 27 டாலர்! மூங்கில் முக்காலி செய்து இடைத்தரகரிடம் கட்டுண்டிருந்தோர் தம் பொருளைத் தாமே விற்கும் உரிமை பெற்றனர். 1983-இல் அம்முயற்சி கிராமீன் வங்கியாயிற்று. வாரந்தோறும் சிறுகச் சிறுகக் கட்டினால் சுமை தெரியாது என்பது அதன் கணக்கு.

வங்கிக்கு அது சரி. தெருத்தெருவாகக் காய்கறிக் கூடை சுமக்கும் பெண்ணுக்கு? மழை பெய்த வாரத்திலும் தவணை வரும். கையில் ஐம்பது ரூபாய் குறைந்தால், அண்டை வீட்டாரே உறுப்பினராயுள்ள குழுவின் நடுவே தலைகுனிய வேண்டும். வட்டியினும் அந்நாணம் கொடிது. அந்நாளை எண்ணியே உறக்கம் கெடுகிறது. வேறோரிடத்தில் கடன் வாங்கி இக்கடனை அடைப்போரும் உளர்.

கொல்கத்தாவில் ஆய்வாளர் சிலர், கடன் பெற்றோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை வாரந்தோறும், மற்றொரு சாராரை மாதந்தோறும் கட்டச் செய்தனர். 2012-இல் முடிவு வெளியாயிற்று. கடனைத் திருப்பிக் கட்டுவது பற்றிக் கவலையும் பதற்றமும் உற்றதாகக் கூறும் வாய்ப்பு, மாதத் தவணையினரிடம் 51 விழுக்காடு குறைந்திருந்தது! தொழிலில் அவர்கள் இட்ட முதலும் கூடியிருந்தது. இடைவெளி ஒன்றே செய்த மாற்றம் இது.

2010-இல், கடன் பெற்றோரின் தற்கொலைச் செய்திகளைத் தொடர்ந்து, ஆந்திர அரசு நுண்கடன் நிறுவனங்களை நெறிப்படுத்த அவசரச் சட்டம் கொணர்ந்தது. தவணையை மாதந்தோறுமே பெற வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.