தேதித் தொடர்களின் பகுப்பும் மறுவாக்கமும்: கணிப்பொறி நிரல் நோக்கில்

‘03/04/1998’ என்னும் தொடர் இந்திய வழக்கில் ஏப்ரல் 3ஐயும், அமெரிக்க வழக்கில் மார்ச் 4ஐயும் குறிக்கும். மனிதர் சூழல்கொண்டு பொருளை உணர்வர். கணிப்பொறி நிரலுக்கோ அது பத்துக் குறிகளாலான சரம் மட்டுமே. ஓராண்டில் நாளெண் பன்னிரண்டைத் தாண்டாத தேதிகள் 144. அவற்றுள் நாளெண்ணும் மாத எண்ணும் ஒத்த 12 நீங்க, எஞ்சிய 132 தேதிகளும் எண்களால் எழுதப்படும்போது இவ்வாறு இருபொருள் படுவன.

தேதியின் வடிவத்தை மாற்றும் பணி இரு நிலைகளை உடையது. முதலாவது பகுத்தல்: நிரல் தனக்குத் தரப்பட்ட வாய்பாட்டின்படி சரத்தை நாள், மாதம், ஆண்டு எனப் பிரித்து, மொழி சாராத மதிப்பாகக் கொள்கிறது. இரண்டாவது ஆக்கல்: அம்மதிப்பு வேறொரு வாய்பாட்டின்படி மீண்டும் தொடராகிறது. மூலத்தின் பொருளை உணராமல் சொற்களை மட்டும் இடம் மாற்றும் மொழிபெயர்ப்பு எத்தகையதோ, மதிப்பாக்காமல் எழுத்துகளை மட்டும் இடம் மாற்றும் நிரலும் அத்தகையதே.

பகுத்தலில் நேரும் பிழைகள் பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்வன. போசிக்ஸ் தரநெறியில் ஈரிலக்க ஆண்டுகளுள் 69 முதல் 99 வரையானவை 1969-1999 எனவும், 00 முதல் 68 வரையானவை 2000-2068 எனவும் கொள்ளப்படும். எனவே, 1965இல் பிறந்தவரின் ‘65’ என்னும் குறிப்பு 2065 ஆகிவிடும். சி மொழியின் நேரச் செயற்கூறு ஒன்று, 1998 பிப்ரவரி 31 என்னும் இல்லாத தேதியை மறுக்காமல் மார்ச் 3 எனத் திருத்திக்கொள்கிறது. இத்தகைய குழப்பங்களைத் தவிர்க்கவே 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 தரம், ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒரே வரிசையை வகுத்தது.

ஆக்கல் நிலையில் இலக்கணம் குறுக்கிடுகிறது. நாளெண்ணோடு சேர ஆங்கிலத்திற்கு நான்கு வரிசையெண் விகுதிகள் தேவை. தமிழுக்கு ‘ஆம்’ ஒன்றே போதும். ரஷ்ய மொழியில் மே மாதம் தனித்து நிற்கையில் ‘மாய்’ எனவும், நாளெண்ணை அடுத்து வருகையில் ஆறாம் வேற்றுமை ஏற்று ‘மாயா’ எனவும் வரும். ஆகவே, யூனிகோடு கூட்டமைப்பின் வட்டார வழக்குத் தரவுத்தொகுதி, மாதப் பெயர்களுக்குத் தனிநிலை, தொடர்நிலை என இரு பட்டியல்களைத் தருகிறது.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் தேதிக்கு முன் நிற்கும் முன்னிடைச்சொல்லின் பொருளைத் தமிழில் தேதிக்குப் பின் வரும் ‘அன்று’ தருகிறது. முன்னிடைச்சொல்லைத் தனியாகவும் தேதியைத் தனியாகவும் ஒட்டும் நிரலில் எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பும் சிதையும். தேதிக்கு இடம்விட்ட முழு வாக்கியமே மொழிபெயர்ப்பாளரிடம் தரப்படுதல் வேண்டும். சொல்வரிசையை வகுக்க வேண்டியது இலக்கு மொழியின் இலக்கணமே.