வண்டி யாருது?

ஒருவர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போவதைத் தடுப்பது குற்றம் என்று சட்டத்தில் தனியாக எழுதி வைத்திருக்கும் நாடு நம்முடையது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்யப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. தலித் மக்கள் பொது இடத்தில் செருப்பு அணிவது, புத்தாடை உடுத்துவது, கல்யாண ஊர்வலம் போவது, அந்த ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவது ஆகியவற்றோடு சேர்த்து இதையும் அது பட்டியலிடுகிறது. தடுத்தால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. அபராதமும் உண்டு. நாடாளுமன்றம் இதைக் கற்பனையில் எழுதவில்லை. ஊர் ஊராக நடந்ததைப் பார்த்து எழுதியது.

நாம் ஓட்டுவது ராயல் என்பீல்டு மீட்டியார் 350. க்ரூஸர் என்று சொல்லப்படும் ரகம். 2020 நவம்பரில் சந்தைக்கு வந்தது. இருக்கை தாழ்வு, தரையிலிருந்து 765 மில்லிமீட்டர்தான். கைப்பிடி ஓட்டுபவரை நோக்கி வளைந்து வரும், கால்கள் முன்னால் நீளும். முதுகை நிமிர்த்தி, தோளைத் தளர்த்தி, நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும். குனிந்து ஓட்ட இந்த வண்டியில் வழியில்லை. சிலருக்கு வண்டியின் விலையைவிட இதுதான் அதிகம் உறுத்துகிறது என்பது நம் எண்ணம்.

இது வேகத்துக்குச் செய்த வண்டி அல்ல. 349 சிசி எஞ்சின், 20 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். அதே திறனுள்ள மெலிந்த வண்டிகள் நான்கு வழிச்சாலையில் நம்மை ஒதுக்கிவிட்டுப் போய்விடும். இதன் பலம் இழுவையில் இருக்கிறது. எஞ்சின் அதிகம் சுழலாமலேயே சக்கரத்துக்குப் பலம் கிடைத்துவிடும். பின்னால் ஒரு ஆளும் இரண்டு பையும் இருந்தாலும் கண்மாய்க் கரை மேட்டில் கியரைத் தட்டித் தட்டிக் குறைக்க வேண்டியதில்லை. ஒரே சிலிண்டர் என்பதால் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். பழைய புல்லட்டின் அதிர்வு இதில் பெருமளவு குறைந்துவிட்டது. அதை விரும்பியவர்கள் இதை வண்டியாகவே ஒப்புக்கொள்வதில்லை. அது அவர்கள் பாடு.

எடை 191 கிலோ. நம் தெருவில் பெரும்பாலோர் வைத்திருக்கும் நூறு சிசி வண்டியை இதோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய பாதிதான். ஓடும்போது இந்த எடை தெரியாது. எதிரே லாரி விசிறிவிட்டுப் போகும் காற்றில் வண்டி அசையாமல் நிற்கும்போது எடை நல்லது என்றே தோன்றும். நிறுத்தும்போதுதான் அது தன்னைக் காட்டும். காலனித் தெருக்கள் குறுகலானவை. சாக்கடைமேல் போட்ட பலகைக் கல் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். முன்சக்கரம் பள்ளத்தை நோக்கி இருக்கும்படி நிறுத்திவிட்டால், பின்னால் தள்ளி எடுக்க இன்னொரு ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும். சாய்ந்து விழுந்த வண்டியைக் கையால் தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு, கைப்பிடியை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி, இருக்கைக்கு முதுகைக் கொடுத்து, உட்கார்ந்த நிலையிலிருந்து காலால் உந்திப் பின்னோக்கி நடந்தால் சராசரி உடல்வாகு உள்ளவரும் நிமிர்த்திவிடலாம். கற்றுக்கொண்டால் பெண்களாலும் முடியும், நாம் பார்த்திருக்கிறோம்.

செலவையும் சொல்லிவிட வேண்டும். சாலைக்கு வரும்போது விலை இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். டயரும் பிரேக் பேடும் சாதாரண வண்டிக்குப் போடுவதைப் போல் இரண்டு மடங்கு கேட்கும். தவணை கட்டுவதற்காகப் படிப்பை விட்டுவிட்டு திருப்பூருக்குப் போன பையன்கள் நமக்குத் தெரிந்தவர்களே. கல்லூரியில் படிக்கும் தம்பிகளுக்கு இதை வாங்கு என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் வாங்கியவனை 'உனக்கு எதுக்கு இது?' என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. இந்திய ராணுவத்துக்கு எல்லை ரோந்துக்காகக் கொடுத்த வண்டிதான் புல்லட். பிறகு காவல்துறைக்கு வந்தது. அதன் பிறகு ஊருக்குள் வந்தது. யாரிடம் வந்தது? நிலக்காரரிடம், வட்டிக்காரரிடம், ஊராட்சித் தலைவரிடம். அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டாலே களத்தில் நின்றவர்கள் தோளில் கிடந்த துண்டை இறக்கினார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எனவே இன்று அதே சத்தம் காலனியிலிருந்து கிளம்பும்போது சிலருக்குக் காது வலிக்கிறது.

தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினால், மைலேஜ் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்க வேண்டும். நம்மிடம் வேறு கேள்வி வரும்.

"வண்டி யாருதுப்பா?"

"நம்மளுதுதான்."

"ஓ... எந்த ஊரு?"

ஊரைச் சொன்னால் அடுத்தது, "ஊர்ல எந்தப் பக்கம்?"

அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் முதல் இரண்டும். நரைத்த தலையோடு, முதுகலைப் படித்த ஆளிடமும் 'ப்பா' போட்டுத்தான் கேட்கிறார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்குத் தெருவா மேற்குத் தெருவா என்று தெரிந்ததும் சிலர் முகம் மாறும். சிலர் மாறாமல் வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குண்ணே" என்பார்கள். அப்படிப்பட்டவர்களும் கூடியிருக்கிறார்கள். இல்லை என்று சொன்னால் அது பொய்.

வாகனமும் சாதியும் மோதிய கதையைப் பாபாசாகேப் அம்பேத்கரே 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு நூலில் எழுதியிருக்கிறார். 1901-ல் சிறுவனாக மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி, தந்தையிடம் போக மாட்டுவண்டி தேடுகிறார். தீட்டு என்று எந்த வண்டிக்காரரும் வரவில்லை. இரண்டு மடங்கு கூலி தருகிறோம், வண்டியை நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்ற பிறகே ஒருவர் சம்மதிக்கிறார். 1929-ல் அவர் வெளிநாட்டில் படித்து முனைவர் பட்டம் பெற்ற பாரிஸ்டர்; பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவில் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழகாத தம் ஆள் ஒருவரை ஓட்டவைத்தார்கள் அந்த ஊர் மகர் மக்கள். பாலத்தில் வண்டி தடுமாறியது. தூக்கி எறியப்பட்ட அம்பேத்கரின் கால் எலும்பு முறிந்தது. அன்று ஏற்ற மறுத்தார்கள். இன்று சொந்த வண்டியில் ஏறினால் இறங்கச் சொல்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளில் வெட்டு விழுந்தது. புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மூன்று பேர் கைதானார்கள். அவர்கள் குறிவைத்தது கைகளை. ஆக்சிலேட்டரையும் கிளட்ச்சையும் பிடிப்பவை அந்தக் கைகள்தான். அந்தச் செய்திக்குப் பிறகு நம் பகுதியில் சில அம்மாக்கள் மகன்களின் வண்டிச் சாவியை வாங்கிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார்கள். அவர்களிடம் என்ன பதில் சொல்வது? சட்டம் இருக்கிறது என்றோம். "சட்டம் ராத்திரி கூட வருமாய்யா?" என்று கேட்டார் ஒருவர்.

கூட வராதுதான். ஆனாலும் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். முதலில் நம் பக்கம் சுத்தமாக இருக்கட்டும். பதினெட்டு வயது, ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவுச் சான்று, காப்பீடு, தலைக்கவசம் இவற்றில் ஒன்று குறைந்தாலும் பேச்சு வன்கொடுமையிலிருந்து வாகனச் சோதனைக்குத் திரும்பிவிடும். சைலன்சரை மாற்றிப் பட்டாசுச் சத்தம் வைப்பதைத் தம்பிகள் விட்டுவிட வேண்டும். குழந்தையும் நோயாளியும் இருக்கும் தெரு அது, நம் தெருவும்தான்.

தடுத்து நிறுத்தி இறங்கச் சொன்னால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பொருந்தும் பிரிவு 3(1)(இசட்-ஏ). முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் விசாரணை தேவையில்லை என்று 2018-ல் சேர்த்த 18-ஏ பிரிவு சொல்கிறது. 'விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம்' என்று திருப்பி அனுப்ப முடியாது. விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு, அவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருந்தால், நான்காவது பிரிவில் தண்டனை இருக்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

எழுதும்போது நேரம், இடம், பார்த்தவர்கள், வண்டி எண் எல்லாம் வரட்டும். 'இறங்கித் தள்ளிட்டுப் போ' என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். சாதிப் பெயரைச் சொல்லியிருந்தால் அதையும், கூசாமல். 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று நிலையத்தில் மாற்றி எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.